ஆறரை மணிக்கு ஒரு தட்டு

மதுரையில் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் பரோட்டாக் கல் சூடேறும் வாசம் வரும். என் சித்தப்பா அப்படியொரு கல்லுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். மத்தியானம் இரண்டரைக்குக் கடைக்குப் போவார். மைதாவைக் கொட்டிப் பிசைந்து, ஊறவைத்து, உருண்டை பிடித்து, வீச ஆரம்பிக்க ஐந்து மணி ஆகிவிடும். ஏழரைக்குக் கூட்டம் ஏறும். பத்தரை வரை தலை நிமிர முடியாது. கடை சாத்தி, கல்லைச் சுரண்டித் துடைத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. அதன் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. மிஞ்சிய ஐந்தாறு பரோட்டா, அண்டாவின் அடியில் கிடக்கும் சால்னா, சில நாள் ஒரு ஆம்லெட். சாப்பிட்ட கையோடு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்.

"பசிக்கலையா சித்தப்பா?" என்று கேட்டால், "கல்லு முன்னாடி நின்னா பசி தெரியாதுடா" என்பார். அவருடைய நாற்பத்து மூன்றாவது வயதில் சர்க்கரை நோய் வந்தது. பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், சப்ளையர், பார்சல் கட்டும் பையன், பாத்திரம் கழுவும் அக்கா என்று மாலையில் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பசி தெரியாது. அந்தப் பதிலை நம்பி வயிற்றைக் காயப்போடுவதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

பசி எங்கே போகிறது?

பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஒன்று இரைப்பையில் சுரக்கிறது. கிரெலின் என்று பெயர். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும். அந்த நேரத்தில் சாப்பிடாமல் விட்டாலும், கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். எட்டு மணிக்கு வயிற்றைக் கிள்ளிய பசி ஒன்பதரைக்குக் காணாமல் போவது அதனால்தான். கூட்ட நேரப் பரபரப்பில் சுரக்கும் அட்ரினலினும் பசியை அமுக்கிவைக்கும். மணிக்கணக்கில் ஒரே வாசனையில் நிற்கும் மூக்குக்கு அந்தச் சாப்பாட்டின் மேல் ஆசையும் போய்விடும். வீட்டில் விருந்து சமைத்த அம்மாவுக்குச் சாப்பிடப் பிடிக்காமல் போவதைப் பார்த்திருப்போமே, அதுதான் இது.

ஆனால் தசைக்கும் மூளைக்கும் வேண்டிய சத்துக் கணக்கு அப்படியே நிலுவையில் நிற்கிறது. கடை அடங்கி உடம்பு தளர்ந்ததும் அந்தப் பாக்கி மொத்தமாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாராலும் அளவாகச் சாப்பிட முடியாது. கை நிற்காது.

இதில் இன்னொரு கெடுதல், அந்த நேரமே சரியில்லாதது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது. கணையத்துக்கும் அந்தக் கடிகாரம் உண்டு. இருட்டிய பிறகு தூக்கத்துக்கான மெலட்டோனின் ஏற ஏற, இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்ட அதே நாலு பரோட்டாவை இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். அமெரிக்காவில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலைக்காரர்களைப் போல விழிக்கவைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2021 டிசம்பரில் வெளிவந்தன. இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை அளவு 6.4 சதவீதம் கூடியிருந்தது. அதே போல் விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நேரத்தை மாற்றினாலே பலன் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இரவு மாத்திரையை எப்போது போடுவது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சித்தப்பா ஒரு நாள் கல்லின் முன்னாலேயே சரிந்து விழுந்தது இந்த விஷயத்தில்தான்.

சர்க்கரைக்கு அவருக்கு எழுதித்தந்த சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று இருந்தது. எழுதியவர் மனதில் இருந்தது எட்டு மணிச் சாப்பாடு. சித்தப்பாவும் ஒழுங்காக ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டதோ பன்னிரண்டரைக்கு. ஒன்பது மணிவாக்கில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, கண் இருண்டது. அடுப்பின் முன்னால் நிற்பவருக்கு வேர்ப்பதை யார் கவனிப்பார்கள்? அனல் தாங்கவில்லை என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பிவைத்தார்கள். கல்லாவில் இருந்தவர் நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் குடிக்கவைத்ததால் பிழைத்தார்.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் சாப்பாட்டை எதிர்பார்த்து வேலை செய்பவை. சாப்பாடு வராவிட்டாலும் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நீங்கள் போடுவது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது, "நான் ராத்திரி கடையில் வேலை செய்கிறேன், இத்தனை மணிக்குத்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

திடீர் நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல் இவையெல்லாம் சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், திரும்பவும் கல்லுக்குப் போகக் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

மூன்று வேளையை நகர்த்திப் போடலாம்

ஊர் சாப்பிடும் எட்டு மணி நமக்கு வாய்க்காது. அதற்காகச் சாப்பாட்டை நள்ளிரவுக்குத் தள்ளுவானேன்? முன்னால் இழுக்கலாம்.

காலையில் எட்டு, ஒன்பதுக்கு எழுந்ததும் ஒரு சாப்பாடு. பலர் பதினொரு மணி வரை படுத்திருந்து நேராக மத்தியானச் சாப்பாட்டில் உட்காருகிறார்கள். எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இட்லியோ கூழோ பழைய சோறோ உள்ளே போகட்டும். வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணிவாக்கில் உண்பதுதான் அன்றைய பெரிய சாப்பாடு. காயும் கீரையும் பருப்பும், கிடைத்தால் மீனும் அதில் இருக்க வேண்டும். ஏனென்றால் பரோட்டாக் கடையில் வெங்காயத்தைத் தவிர வேறு காய் கண்ணில் படாது.

அடுத்தது ஆறரை மணித் தட்டு. கூட்டம் ஏறுவதற்கு முந்தைய அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டால் பிறகு பத்தரைக்குத்தான் மூச்சுவிட முடியும். அப்போது பசிக்காது. பரவாயில்லை, சாப்பிடுங்கள். வண்டி நின்ற பிறகா பெட்ரோல் போடுகிறோம்? கடையில் இருப்பதை வைத்தே தட்டை ஒப்பேற்றலாம். இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் தயிர் வெங்காயம், இரண்டு இட்லியோ தோசையோ. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோகலாம். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் கிட்டத்தட்ட 9 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் கிடைக்கும். காசும் அதிகம் ஆகாது. புரதமும் நாரும் மெதுவாகச் செரிப்பதால் பத்து மணி வரை தாக்குப்பிடிக்கலாம். முதலில் வெங்காயம், வெள்ளரி, முட்டை, சுண்டல், அதன் பிறகு இட்லி என்ற வரிசையில் சாப்பிட்டாலே சர்க்கரை ஏற்றம் மட்டுப்படுகிறது.

பரோட்டா மட்டும்தான் கிடைக்கும் என்றால் அதையே சாப்பிடுங்கள். நான் பரோட்டாவுக்கு எதிரி இல்லை. ஆறரைக்கு முட்டையோடும் வெங்காயத்தோடும் தின்னும் இரண்டு பரோட்டா, பன்னிரண்டரைக்குத் தின்னும் ஆறைவிட எவ்வளவோ மேல்.

கடை அடங்கியதும் பசித்தால் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், அல்லது கொஞ்சம் மோர்ச்சோறு போதும். அதையும் கல்லைத் துடைத்த பிறகு என்று வைக்காமல், துடைப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். கழுவிப் பெருக்கி, நடந்து வீடு சேர்வதற்குள் உணவு கொஞ்சமாவது இறங்கியிருக்கும். சாப்பிட்டதும் படுப்பதால்தான் விடியற்காலையில் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி நல்லது. அது முடியாத நாளில் அளவையாவது குறைக்க வேண்டும்.

டீயும் வாயில் போடும் துண்டும்

ஒரு மாலையில் எத்தனை டீ என்று எண்ணிப் பாருங்கள். ஏழு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் பதினான்கு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தாலே 56 கிராம் ஆகிறது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. டீ பசியையும் ஏமாற்றும், தூக்கத்தையும் கெடுக்கும். குடித்த டீயிலுள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தும் உடம்பில் இருக்கும். பத்து மணி டீயோடு ஒரு மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படிப் பிடிக்கும்? தூக்கம் குறைந்தால் மறுநாள் கிரெலின் கூடி, இனிப்பின் மேலும் பொரித்ததன் மேலும் கை போகும். ஏழு மணியோடு டீயை நிறுத்திக்கொண்டால் நல்லது.

வாயில் போட்டுக்கொள்ளும் துண்டுகள் வேறு. உடைந்த வடை, ஓரம் கருகிய ஆம்லெட், ருசி பார்க்கும் ஒரு கரண்டி குழம்பு. இவற்றைச் சாப்பாடு என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அனலில் நிற்பவருக்குத் தாகமே பல நேரம் சோர்வாகவும் பசியாகவும் தெரியும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீர்மோர் மிக நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாமே அல்சர் இல்லை

நேரத்துக்குச் சாப்பிடாததால் அல்சர் வந்துவிட்டது என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பெற்றார்கள். மற்றொன்று வலி மாத்திரை. எட்டு மணி நேரம் நின்ற கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று மருந்துக்கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. அது வயிற்றை அரிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பட்டினி புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற எரிச்சலைக் கூட்டும். அந்தப் பாக்டீரியாவுக்கு மருந்து இருக்கிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் எரிச்சல் நீடித்தால் ஜெலூசில் குடித்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் டாக்டரைப் பாருங்கள். கறுப்பாக மலம் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, உடம்பு காரணமின்றி இளைத்தாலோ ஒரு நாளும் தள்ளக் கூடாது.

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை என்றால் அதைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். அதற்கும் 108-தான்.

பாத்திரம் கழுவும் அக்காமார்

ஆண்கள் கல்லின் முன்னால் நிற்கிறார்கள், பெண்கள் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கழிப்பறை இருக்காது, இருந்தாலும் போகும்படி இருக்காது. அதனால் தண்ணீரே குடிக்காமல் அடக்குகிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவர்களோ வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் போட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால், ஒரு நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். இந்த ஆறரை மணித் தட்டு யாருக்காவது முதலில் போக வேண்டும் என்றால் இவர்களுக்குத்தான்.

முதலாளிமாருக்கு

பகலில் வீட்டில் இருப்பது இந்த வேலையில் ஒரு வசதி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். உங்கள் ஆட்களை அதில் சேரச் சொல்லுங்கள்.

சித்தப்பா விழுந்த பிறகு அவர் கடையில் ஒன்றை மாற்றினார்கள். ஆறே காலுக்குப் பின்கட்டில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். முதலில் பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள், அடுத்து சப்ளையர்கள், அடுத்து மாஸ்டர், கடைசியாகக் கல்லாவில் இருப்பவர். ஆளுக்குப் பத்து நிமிடம். மாஸ்டர் உட்காரும் நேரத்தில் இளம் மாஸ்டர் கல்லைப் பார்த்துக்கொண்டான். பரோட்டா வீச அவன் கற்றுக்கொண்டதும் அந்தப் பத்து நிமிடங்களில்தான். சித்தப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு முட்டையோடு உட்கார்ந்தபடி, "மாவை இன்னும் கொஞ்சம் இழுத்து வீசுடா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.