படுக்கைப் புண்ணுக்கு இடம் கொடுக்காதீர்கள்

தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கோடு சரிந்தவர், ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர். நம்மூரில் முதுகுத் தண்டுவடம் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். பதறியடித்துக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால், உடைந்த எலும்பு தண்டுவடத்தை இன்னும் நசுக்கிவிடும். தலையும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, “எப்ப எழுந்து நடப்பாரு?” நியாயமான கேள்விதான். ஆனால் உயிருக்கு உலை வைப்பவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத அவரே, 2004-இல் இறக்கும்போது படுக்கைப் புண்ணால் வந்த தொற்றுக்குச் சிகிச்சையில் இருந்தார்.

நமக்கு ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். அடிபட்டவருக்கு அந்த வலி தெரியாது. அதனால் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தால் அரை மணிக்குள் ஒருமுறையாவது கையூன்றி உடலைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் சாய வேண்டும். தினமும் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ, விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தின் மேல் பாரமே படக்கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ‘டியூப்’ மெத்தையைப் பலர் வாங்கித் தருகிறார்கள். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும், வேண்டாம்.

நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரெனத் தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துக் கொட்டினால், ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இடையில் ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம்’ என்று யாராவது வருவார்கள். தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. நிலத்தை விற்றுக் கொடுக்கும் அந்தப் பணம் நல்ல மெத்தைக்கும் பிசியோதெரபிக்கும் போகட்டும். புனர்வாழ்வுப் பயிற்சிக்கு வேலூர் சி.எம்.சி.யும் தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் இருக்கின்றன. பின்னதை நிறுவிய ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

அடுத்த கவலை வேலை. அடிபட்டவர் அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் ஊழியருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வேலையில் அடிபட்டு முழுமையாகச் செயலிழந்தால், சராசரிக் கூலியில் 90 சதவீதம் ஆயுள் முழுக்க மாதாமாதம் கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், இதில் சேரும். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று அந்த வாரமே கேட்டுவிடுங்கள்.