கம்பம் பள்ளத்தாக்கின் காற்றுக்கும் கணக்கு உண்டு

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கு முட்டுக் கொடுக்கும் வேலை மும்முரமாகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மலை இடைவெளிகள் வழியே இறங்கும் காற்று, குலை தள்ளிய மரங்களைச் சாய்த்துவிட்டால் ஓராண்டுப் பாடு வீண். அதே காற்றுதான் ஆண்டிபட்டி, கண்டமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. காற்றை அளந்து எழுதி வைத்த கணக்கு, இன்று நிலக்கரியை மிச்சப்படுத்த உதவுகிறது.

பீர்மேட்டில் பிறந்தவர்

குமுளிக்கு அப்பால் உள்ள பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மணி. இந்திய வானிலை ஆய்வுத் துறையிலிருந்து 1976இல் ஓய்வு பெற்ற பின், பெங்களூரில் இருந்தபடி நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். அவர் தொகுத்த காற்றுத் தகவல் நூல் 1983இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு கணவாய்ப் பகுதிகளும் காற்று வளம் மிக்கவை எனக் கண்டறியப்பட்டுள்ளன.

அளவு தவறினால் நஷ்டம்

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 6 மீட்டராகக் கூடினால், சக்தி 1.7 மடங்குக்கு மேல் ஆகிறது. எனவே ‘இங்கே நல்ல காற்று’ என்ற வாய்ச்சொல் போதாது. உயரமான கம்பத்தில் காற்றுமானியும் திசைகாட்டியும் பொருத்தி, குறைந்தது ஓராண்டாவது பதிவு செய்ய வேண்டும். ஆடியில் சுழன்றடிக்கும் காற்று ஐப்பசியில் அடங்கிவிடுவது எல்லோரும் அறிந்ததே.

நாளைய காற்று இன்றே தெரிந்தால்

அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அங்குள்ள கொதிகலனை நினைத்தவுடன் நிறுத்தவோ மூட்டவோ முடியாது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். காற்று திடீரென்று வலுத்தால், கம்பிகள் ஏற்க இடமின்றிக் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேரிடுகிறது. காசில்லாத காற்று வீணாகிறது, காசு கொடுத்து வாங்கிய கரி எரிகிறது.

இதைத் தவிர்க்கவே முன்கணிப்பு. சென்னையில் 1998இல் தொடங்கப்பட்ட மையம், இன்று தேசிய காற்று சக்தி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. தமிழகக் காற்றாலைகளின் உற்பத்தியை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் பணியை அது 2015இல் தொடங்கியது. ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று மின்சாரம் வரும் என்று கணக்கிடுகிறார்கள். அதைப் பார்த்து அனல் மின் உற்பத்தியை முன்னதாகவே தணிக்கலாம்.

நீர் மின்சாரத்தைச் சில நிமிடங்களில் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் லோயர்கேம்ப் பெரியாறு மின் நிலையத்துக்கு வரும் தண்ணீர் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரியது. காற்று ஓய்ந்ததற்காக அணையைத் திறந்துவிட இயலாது. ஆகையால் கணிப்பு சரியாக இருப்பது மேலும் அவசியமாகிறது.

விவசாயிகள் கவனத்துக்கு

காற்று மிகுந்திருக்கும் நேரத்தில் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் அளித்தால், வீணாகக்கூடிய மின்சாரம் பயிருக்குப் பாயும். எந்த மணிக்குக் காற்று வலுக்கும் என்ற தகவல் விநியோக நேரத்தை வகுக்கப் பெரிதும் பயன்படும்.

காற்றாலைக்கு நிலம் கேட்டு வருவோரிடம், அந்த இடத்தில் எத்தனை மாதம், எந்த உயரத்தில் காற்று அளக்கப்பட்டது என்று கேட்பது நலம். பாதை, வாய்க்கால், ஓடை ஆகியவை அடைபடாமல் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற வேண்டும்.

2019இல் வெளியான ‘மேகதூத்’ கைபேசிச் செயலியில் காற்றின் வேகமும் திசையும் தமிழிலேயே முன்னறிவிப்பாகக் கிடைக்கின்றன. அதைப் பார்த்து வாழைக்கு உரிய காலத்தில் முட்டுக் கொடுக்கலாம். மருந்து தெளிக்கும் நாளைத் தள்ளிப் போடலாம். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் சவுக்கு வரிசை வைத்தால் காற்றின் வேகம் தணியும்.