மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகலாம்... ஆனால், உங்கள் மூட்டையைச் சுமப்பது யார்?

'எந்திரன்' படத்தில் ரஜினியும் ஐஸ்வர்யா ராயும் 'கிளிமாஞ்சாரோ' பாட்டுக்கு ஆடினார்களே, அந்த இடம் ஆப்பிரிக்காவில் இல்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலைமேல் இருக்கும் மச்சு பிச்சு அது. 15-ம் நூற்றாண்டில் இன்கா மக்கள் கட்டிய கல் நகரம். இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் இல்லாமலே கட்டி முடித்திருக்கிறார்கள். 1983-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

ரயில், பஸ் என்று மாறி மாறி ஏறிப் போய், ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால், இன்கா மக்கள் போட்ட அதே கல் பாதையில் நாலு நாள் நடந்து போய்ச் சேர்வதுதான் பலருடைய கனவு. 'இன்கா டிரெயில்' என்று பெயர். தூரம் சுமார் 43 கிலோமீட்டர்.

தனியாகப் போக முடியாது

பையைத் தூக்கிக்கொண்டு நம் இஷ்டத்துக்குக் கிளம்ப இங்கே அனுமதி இல்லை. அரசு லைசென்ஸ் பெற்ற டிரெக்கிங் கம்பெனி மூலம், கைடுடன்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. கைடு, சமையல்காரர், சுமை தூக்கும் போர்ட்டர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். அவர்களைக் கழித்தால், சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடங்கள்தான்.

மழை குறைவான மே முதல் செப்டம்பர் வரைதான் கிராக்கி. இந்த மாதங்களில் போக வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. பிப்ரவரி மாதம் முழுக்கப் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். பர்மிட்டில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், உடனே கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நாலு நாள் எப்படிப் போகும்?

முதல் நாள் சுலபம். ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் தொடங்கி, ஆற்றோரமாக நடை.

இரண்டாம் நாள்தான் பரீட்சை. 4,215 மீட்டர் உயரத்தில் இருக்கும் 'இறந்த பெண்ணின் கணவாய்' வரை ஏற வேண்டும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் படுத்திருப்பதுபோலத் தெரியும் மலை என்பதால் அந்தப் பெயர். ஏறிய பிறகு, அந்தப் பக்கம் செங்குத்தான கல் படிகளில் இறங்க வேண்டும்.

மூன்றாம் நாள்தான் விருந்து. சயக்மார்கா, மேகங்களுக்கு மேலே உள்ள ஊர் என்று பொருள்படும் புயுபட்டமார்கா, மலைச்சரிவில் அடுக்கடுக்கான வயல்களோடு வினாய் வய்னா என்று வரிசையாக இன்கா இடிபாடுகள். ரயிலில் போகிறவர்கள் இவற்றைப் பார்க்க முடியாது.

நாலாம் நாள் விடியும் முன்பே எழுந்து நடந்தால் 'சூரிய வாசல்'. அங்கிருந்து பார்த்தால் கீழே மச்சு பிச்சு.

கால் வலியைவிட மூச்சுதான் பிரச்னை

நம்ம ஊர் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர்தான். ஆனால், விமானத்தில் போய் இறங்கும் குஸ்கோ நகரமே சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைவதால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். ஜிம்முக்குப் போகும் இளைஞர்களையும் இது விடாது.

எனவே, நடையைத் தொடங்கும் முன் குறைந்தது இரண்டு, மூன்று நாள் அங்கே தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். குஸ்கோவைவிடத் தாழ்வாக இருக்கும் ஒயாந்தைதம்போவில் (சுமார் 2,800 மீட்டர்) முதல் இரவுகளைக் கழிப்பது இன்னும் நல்லது. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மலைமேல் நடை தடுமாறினாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். நடுவழியில் வாகனப் பாதை கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

20 கிலோ கணக்கு

டென்ட், கேஸ் சிலிண்டர், அரிசி, காய்கறி, உங்கள் துணிப்பை... இத்தனையும் போர்ட்டர்களின் முதுகில்தான் மலை ஏறுகின்றன. பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள். நீங்கள் மூச்சு வாங்கி நிற்கும் படியில் அவர்கள் உங்களைத் தாண்டிப் போய், நீங்கள் வருவதற்குள் டென்ட் அடித்து, சூப் வைத்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் 40 கிலோவுக்கு மேல் சுமந்தவர்களும் உண்டு. 2001-ல் போர்ட்டர்களுக்காகவே சட்டம் வந்த பிறகு, 20 கிலோதான் உச்சவரம்பு. செக்போஸ்ட்டில் மூட்டைகளை எடை போட்டுத்தான் விடுகிறார்கள்.

ஆனாலும், எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி இல்லை. பர்மிட், நுழைவுச் சீட்டு ஆகியவற்றின் கட்டணம் எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு கம்பெனி மட்டும் ரொம்ப மலிவாகத் தருகிறது என்றால், எதில் மிச்சம் பிடிக்கிறது? போர்ட்டரின் கூலியில், சாப்பாட்டில், ஆள் எண்ணிக்கையில்.

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?
* அவர்கள் தூங்கத் தனி டென்ட், பாய் உண்டா? ஷூவும் மழைக்கோட்டும் யார் தருகிறார்கள்?
* நம் சாப்பாட்டில் மிஞ்சியதா, அவர்களுக்கென்று தனிச் சமையலா?
* இன்ஷூரன்ஸ் உண்டா?
* கைடிடம் ஆக்ஸிஜன், முதலுதவிப் பெட்டி இருக்குமா?

தெளிவாகப் பதில் சொல்லும் கம்பெனி உங்களையும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். மழுப்பினால், அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

கிளம்பும் முன்...

* பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.
* பயண இன்ஷூரன்ஸ் 4,000 மீட்டருக்கு மேல் செல்லுபடியாகுமா என்று படித்துப் பாருங்கள்.
* மூன்று மாதம் முன்பே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான்.
* சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். உருளைக்கிழங்கின் பூர்வீகமே ஆண்டீஸ்தான், கவலை வேண்டாம்.
* அங்கே கோக்கா இலை டீ சகஜம். ஆனால், அந்த இலையை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.
* டிப்ஸை உள்ளூர்ப் பணமான சோலில், போர்ட்டர்களின் கையிலேயே கொடுங்கள்.

நாலு நாள் முடியாதா?

104-வது கிலோமீட்டரில் இறங்கி நடக்கும் இரண்டு நாள் பாதையும் இருக்கிறது. வினாய் வய்னா, சூரிய வாசல் இரண்டுமே இந்த வழியில் வரும். இதற்கும் பர்மிட், கைடு கட்டாயம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களை ரயிலில் வரச் சொல்லி மச்சு பிச்சுவில் சேர்ந்துகொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும், துணிப்பையை எடை போட்டுப் பார்த்து, தேவையில்லாத இரண்டு கிலோவை ஹோட்டலிலேயே விட்டுச் செல்லுங்கள். 4,215 மீட்டர் உயரத்தில் அந்த இரண்டு கிலோவைச் சுமக்கப்போவது இன்னொருவர்.