எழுபது வளைவுப் பாதை

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், ஆகாய கங்கை அருவியும், அறப்பளீசுவரர் கோயிலும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே நம்மைக் கொண்டு சேர்க்கும் பாதையை யாரும் நினைப்பதில்லை. நாங்களும் நினைத்ததில்லை. சென்ற தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் வகுப்பில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியரின் இடங்கள் அவை. மழையால் மண் சரிந்து பாதை அடைபட்டதால், இரண்டு நாள் கழித்தே அவர்கள் வந்தார்கள். அன்றுதான் அந்தப் பாதையைப் பற்றி அறிய ஆவல் கொண்டோம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சென்றால் மலையடிவாரத்தில் காரவள்ளி வரும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுப் பாதையில் 20, வால்பாறைப் பாதையில் 40 என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மலை ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் உடையது. நேராகச் சாலை போட்டால் எந்த வண்டியும் ஏறாது. ஆகவே பாதை சரிவின் குறுக்கே சிறிது தூரம் ஏறி, திரும்பி, மறுபடியும் ஏறுகிறது. திரும்பும் இடம் நாம் கூந்தலில் செருகும் கொண்டை ஊசியைப் போல் இருப்பதால் அப்பெயர் பெற்றது.

சாலை இல்லாத காலத்தில் மலை மக்கள் சாமை, தினை, பலாப்பழம் முதலியவற்றைத் தலைச்சுமையாகவே இறக்கினார்கள். நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் இம்மலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் நடந்தும் டோலியிலும்தான் மலை ஏறினார்கள். மக்களுக்கு மருத்துவம் செய்த அவர் தந்தை, 1929-ல் காய்ச்சல் கண்டு மலையிலேயே உயிர் நீத்தார்.

சாலை போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. மலைச்சாலையின் முதல் பகைவன் தண்ணீர். தார் வெடிப்பில் நீர் இறங்கினால், தாரும் ஜல்லியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். வண்டிச் சக்கரம் ஏற ஏறச் சிறு வெடிப்பு பெருங்குழியாகும். ஆகவேதான் மலைப்பக்கம் ஓரமாகக் கால்வாய் வெட்டி, சாலைக்கு அடியில் சிறுபாலங்கள் வழியாக நீரைப் பள்ளத்தில் விடுகிறார்கள். மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர்களில் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை கட்டியவரின் மறதி அல்ல. சுவருக்குப் பின்னால் ஊறும் நீர் வெளியேறும் வாயில்கள். அவை அடைபட்டால் நீரின் கனம் சுவரையே தள்ளிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து, கால்வாயில் சேர்ந்த சருகையும் மண்ணையும் அள்ளுகிறார்கள், புதர் வெட்டுகிறார்கள், குழி அடைக்கிறார்கள். மழை ஓய்ந்ததும் திரும்பவும் அதே வேலை. நாம் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போகும்போது, சாலையோரம் குனிந்து நிற்கும் அவர்களை எத்தனை பேர் ஏறிட்டுப் பார்த்திருக்கிறோம்?

இன்று முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. எனினும் நாமக்கல் செல்வோருக்கு இந்த எழுபது வளைவுகளே நெருங்கிய துணை. தோழி ஒருத்தியின் தாயாருக்கு நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டபோது, 108 வண்டி இந்த வளைவுகளைக் கடந்துதான் நாமக்கல் சேர்ந்தது. “அன்று பாதை நன்றாக இருந்தது, அதனால் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்” என்று அவள் சொன்னபோது வகுப்பே மௌனமாயிற்று.

அன்பு வாசகர்களே! இப்பாதையைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. நாம் ஜன்னல் வழியே வீசும் ஒரு பிளாஸ்டிக் பை சிறுபாலத்தின் வாயை அடைக்கப் போதும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. வண்டி ஓட்டும் பெற்றோர் இதை மறவாதிருக்கட்டும். அடுத்த முறை மலை ஏறும்போது, கால்வாய் சுத்தம் செய்யும் கைகளுக்கு ஒரு வணக்கமேனும் சொல்வோம். அவர்கள் கைகள் ஓய்ந்தால் எங்கள் வகுப்பில் மீண்டும் மூன்று இடங்கள் காலியாகும்.