தலையணை ஓரத்துப் பூவேலை

தலையணை உறையில் பூவேலை செய்ய உட்காருகிறவர்கள் முதலில் நடுப்பகுதியை மறந்துவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள் நாம். நடுவில் தைத்த ரோஜா ஒரே வாரத்தில் கறையேறிவிடும். நூலை நீளமாக இழுத்துத் தைத்த இதழ் தோட்டிலும் மூக்குத்தியிலும் மாட்டும். முடிச்சுத் தையல் கன்னத்தில் தடம் பதிக்கும். உறையின் வாய்ப்புறத்து ஓரத்தில் மூன்று விரல் அகலம் போதும். அந்தக் காலத்தில் கல்யாணச் சீருக்கென்று 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' எழுதிக் கொடி படரவிட்டார்களே, அதில் எத்தனையோ உறைகளில் வேலை மூலையோடு நின்றிருக்கும். பழகிய கைகளுக்கு அது தெரிந்திருந்தது.

கடைகளில் மிஷின் எம்பிராய்டரி போட்ட உறை சுலபமாகக் கிடைக்கிறது. பிறகு கையால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சிட்லிங்கியைக் காட்டுவேன்.

தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தில் தண்டா எனப்படும் குடியிருப்புகளில் லம்பாடி மக்கள் வாழ்கிறார்கள். மாட்டுப் பொதிகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன வணிகர்களின் வழிவந்தவர்கள். சாலையும் ரயிலும் அந்தப் பிழைப்பைப் பறித்தன. பெண்கள் புடவைக்கு மாறினார்கள்; பாவாடையிலும் ரவிக்கையிலும் நெருக்கித் தைத்த வண்ண வேலை கையை விட்டுப் போனது. சில மூதாட்டிகளுக்கு மட்டுமே தையல் நினைவிருந்தது. மருத்துவமனை எடுத்த முயற்சியில் அந்த மூதாட்டிகளிடமிருந்து இளம்பெண்கள் மறுபடி கற்றார்கள். 2006-இல் இப்படி உருவான கைவினைக் குழுவுக்கு 'போர்கை' என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். பழைய உடைக்கு இன்று வாங்குவாரில்லை. அதே தையல் திண்டு உறையிலும் பையிலும் துப்பட்டாவிலும் ஏறி வீட்டுக்கு வருமானம் தருகிறது. தொலைந்ததாக நினைத்த ஒரு கலை, தலைவைக்கும் துணியளவு இடத்தில் உயிர் பிழைத்துக்கொண்டது. கையால் தைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

லம்பாடிப் பாணியில் கண்ணாடிச் சில்லும் சோழியும் உண்டு. அவை சோபா திண்டுக்குத்தான். படுக்கும் தலையணைக்கு வேண்டாம்.

வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு: புதுப் பருத்தித் துணியை ஒருமுறை அலசிக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். உறையாக மூட்டுவதற்கு முன்பே பூவேலையை முடித்துவிட வேண்டும். தைத்த உறையில் வேலை செய்தால் ஊசி அடித்துணியையும் சேர்த்துப் பிடிக்கும். ஆங்கர் நூல்கண்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை இருக்கும். இரண்டு இழை பிரித்து, முழங்கை நீளத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நீண்ட நூல் சிக்கிக்கொள்ளும். வளையத்தில் துணி விறைப்பாக நிற்கட்டும். காம்புத் தையலும் நெருக்கமான சங்கிலித் தையலும் தெரிந்தால் கொடியும் இலையும் வந்துவிடும். நுனியில் முடிச்சுப் போடாமல் பின்புறத் தையலுக்குள் செருகுங்கள். அடர் சிவப்பு நூலை முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டுகிறதா என்று. துவைக்கும்போது உறையைப் புரட்டிப் போடுங்கள். இஸ்திரி பின்பக்கத்தில் மட்டும், கீழே கனத்த துண்டு விரித்து.

தைக்க நேரமில்லாதவர்கள் வாங்கலாம். வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். மிஷின் வேலையில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே வெள்ளை நூல் ஓடும், பல சமயம் விறைத்த தாளும் ஒட்டியிருக்கும். கைவேலையில் முன்பக்கத்து நிறங்களே பின்னாலும் தெரியும், நூல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிய வழியும் தெரியும். அப்படித் தெரிந்தால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.