தொட்டுக்கொள்ளும் சீஸின் உப்புக் கணக்கு

ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த மலேசியாவின் பூச்சோங் இன்று வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் நிறைந்த புறநகராகிவிட்டது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் மளிகைப் பட்டியலில் அரிசி, பருப்பு, மசாலைத்தூளோடு மக்காச்சோளச் சிப்ஸும் அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு புட்டி சீஸ் டிப்பும் இடம்பிடிப்பது இப்போது புதுமையன்று. பிள்ளைகள் விரும்பிக் கேட்பதாலும், பால் பொருள்தானே என்ற நம்பிக்கையாலும் பெற்றோர் இதை வாங்குகின்றனர். தயங்குபவர்களும்கூடக் கொழுப்பை எண்ணியே தயங்குகின்றனர். ஆனால் புட்டியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படித்தால், முதலில் கவலைப்பட வேண்டியது கொழுப்பைப் பற்றியன்று, சோடியத்தைப் பற்றியே என்பது புலப்படும்.

இதற்கான காரணம் டிப் தயாராகும் முறையிலேயே இருக்கிறது. செட்டார் போன்ற இயற்கையான சீஸை அப்படியே சூடாக்கினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, புரதம் திரண்டு ரப்பர்போல் இழுபடும். பாலின் முதன்மைப் புரதமாகிய கேசினைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பதும், வெப்பத்தில் அந்தப் பிணைப்பு இறுகுவதால் கொழுப்பைத் தாங்கி நிற்க இயலாமல் போவதுமே இதற்குக் காரணம். சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் அது கால்சியத்தைத் தன்பக்கம் ஈர்த்துக்கொள்கிறது. பிணைப்பிலிருந்து விடுபட்ட கேசின், கொழுப்பையும் நீரையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு வழவழப்பான குழம்பாகிறது. சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் 1911-இல் இந்த முறையைக் கையாண்டனர். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். பால்மமாக்கும் உப்புகள் என்று அழைக்கப்படும் இவ்வகைச் சேர்மங்கள், அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்க உதவுபவை, பெரும்பாலும் சோடியத்தின் சிட்ரேட்டுகளாகவோ பாஸ்பேட்டுகளாகவோ இருக்கின்றன. சமையல் உப்பைப்போல இவை நாவில் கரிப்பதில்லை. எனவே டிப்பில் உள்ள சோடியத்தின் ஒரு பகுதியை நாக்கு உணர்வதே இல்லை. சுவைத்துப் பார்த்து அளவை மதிப்பிடுவது இங்கே பயன்படாது.

எண்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 100 கிராம் செட்டாரில் ஏறத்தாழ 400 கிலோகலோரி ஆற்றலும், 33 கிராம் கொழுப்பும், 23 கிராமுக்கும் மேற்பட்ட புரதமும், 700 மில்லிகிராம் அளவு கால்சியமும், 650 மில்லிகிராம் அளவு சோடியமும் உள்ளன. அதே எடையுள்ள சீஸ் டிப்பில், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறினாலும், ஆற்றல் பெரும்பாலும் செட்டாரில் பாதிக்கும் குறைவு; கொழுப்பும் குறைவு. ஆனால் புரதம் பல டிப்களில் 5 கிராமைக்கூட எட்டுவதில்லை. சோடியமோ செட்டாரில் உள்ள அளவுக்குக் குறையாமல், பலவற்றில் அதை விஞ்சியும் நிற்கிறது. கலோரி குறைந்திருப்பது நல்ல செய்திபோலத் தோன்றினாலும், நீரும் மாவுச்சத்தும் சேர்ந்ததால் வந்த குறைவு அது. அதே நீர்தான் புரதத்தையும் கால்சியத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டது.

மலேசியச் சட்டப்படி உள்ளடக்கப் பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கிய வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பதால், பொட்டலத்தில் உள்ளடக்கத்தைக் குறிக்கும் 'ராமுவான்' என்னும் மலாய்ச் சொல்லைத் தொடர்ந்து வரும் முதல் மூன்று பொருள்களே டிப்பின் தன்மையைச் சொல்லிவிடும். முதலில் 'ஆயிர்' என்று நீரும், அடுத்து 'மின்யாக் சாவிட்' என்று செம்பனை எண்ணெயும், அவற்றுக்குப் பின்னரே 'கெஜு' என்று சீஸும் வருமானால், வாங்குவது சீஸ் மணம் கொண்ட எண்ணெய்க் குழம்பு என்றே கொள்ளலாம். செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும் வகை. பால் கொழுப்பில் அதன் பங்கு இன்னும் கூடுதல் என்றாலும், சீஸோடு புரதமும் கால்சியமும் சேர்ந்து வருகின்றன, எண்ணெயோடு எதுவும் வருவதில்லை.

அட்டவணையில் 'நாத்ரியம்' என்று மலாயில் குறிக்கப்படுவதே சோடியம். அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் அதற்கு ஈடான உப்பின் அளவு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு வகுத்துள்ள நாளொன்றின் உச்ச அளவு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரு டிப்பில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம் இருப்பதாகக் கொள்வோம். 'ஒரு பரிமாறல்' என்று அட்டவணை குறிக்கும் 30 கிராமுக்கு அது வெறும் 270 மில்லிகிராம்தான். ஆனால் 30 கிராம் என்பது இரண்டு மேசைக்கரண்டியே. தொலைக்காட்சி முன் அமர்ந்து ஒரு சிறு கிண்ணம், 120 கிராம், காலி செய்பவர் 1,080 மில்லிகிராமைப் பெற்றுவிடுகிறார், சிப்ஸில் தூவப்பட்டுள்ள உப்பு இதில் சேரவில்லை. மலேசியரின் உப்பு நுகர்வை 24 மணிநேரச் சிறுநீர்ச் சோதனையின் வழி 2017–2018-இல் அளந்த தேசிய ஆய்வு, நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் எனக் கண்டது. வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்ட உணவின்மீதே இந்த டிப்பும் ஏறுகிறது. 2023-இன் தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. 2019-இன் ஆய்வில் நீரிழிவு இந்தியரிடையே 31.4 விழுக்காடு என, நாட்டின் சராசரியாகிய 18.3-ஐக் காட்டிலும் வெகுவாக உயர்ந்திருந்தது. இவ்விரு நோய்களும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குபவை என்பதால், தமிழ்க் குடும்பங்கள் சோடியம் என்ற இந்த ஓர் எண்ணை அலட்சியமாகக் கடந்துபோவது வருந்தத்தக்கது.

சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பருப்பிலும் தானியத்திலும் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியையே குடல் ஏற்கிறது. சேர்க்கப்பட்ட பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் முழுதாகவே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவர் உள்ள வீட்டில், உள்ளடக்கப் பட்டியலில் இந்த உப்புகளைக் குறிக்கும் 339, 450, 451, 452 ஆகிய எண்களுள் ஏதேனும் காணப்பட்டால் அந்தப் புட்டியை அவருக்குக் கொடுக்காமலிருப்பதே நன்று.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கவனிக்கத்தக்கது வேறொன்று: பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்தும் பெறப்படலாம், ஹலால் முத்திரை அதைத் தடுப்பதில்லை. நுண்ணுயிர் ரென்னட் என்றோ சைவம் என்றோ குறிப்பு இருந்தால்தான் உறுதி.

வீட்டிலேயே செய்வதற்குப் பால்மமாக்கும் உப்பு தேவையில்லை. சோளமாவே அந்த வேலையை ஓரளவு செய்துவிடும், ஏனெனில் மாவுத் துகள்கள் புரத இழைகளுக்கிடையே புகுந்து அவை திரளாமல் தடுக்கின்றன. 100 மில்லிலிட்டர் பாலில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கெட்டியாகும்வரை கிளறி, அடுப்பை அணைத்தபின் துருவிய செட்டார் 60 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் எண்ணெய் பிரிந்துவிடும். பொடித்த மிளகும் வறுத்த சீரகமும் சேர்த்தால் உப்பு போடத் தோன்றாது. நால்வர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 110 மில்லிகிராம் சோடியம், 135 மில்லிகிராம் கால்சியம், நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதம் கிடைக்கும்; தொட்டுக்கொள்ளச் சிப்ஸுக்குப் பதிலாக வெள்ளரியும் கேரட்டும் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும்.