மண்ணிற் கிடக்கும் படைக்கலங்கள்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 95 ஆவது பாட்டாக அமைந்துள்ளது. தொண்டைமானின் கருவிகள் நெய் பூசப்பெற்று, பீலி அணிந்து, காவல் மனையிலே அழகாக இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கும் அப்பாட்டை வகுப்பிற் கற்பிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. போர்க்கருவியைச் சேர்த்து வைப்பது எதன் பொருட்டு?

சென்ற ஆண்டு அந்த வினாவை எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் என் மேசைமேற் கொண்டுவந்து வைத்தான். பச்சைக் களிம்பு படர்ந்த பித்தளைக் கோது ஒன்று அவன் கையில் இருந்தது. "சேர், இதை எங்கட பள்ளிக்கூட நூதனசாலையில் வைக்கலாமோ?" என்று கேட்டான். அவன் கண்களில் இருந்த ஆர்வத்தை நான் குறை கூற மாட்டேன். உலகெங்கும் பழைய படைக்கருவிகளைத் தேடுவோரிடம் காணப்படுவதும் அதே ஆர்வந்தான்.

அமெரிக்காவிற் பிறந்த ஹைரம் மாக்சிம் என்பவர் 1884 ஆம் ஆண்டிலே இலண்டனில் ஓர் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். அதற்கு முன்னிருந்த கற்லிங் துப்பாக்கியைக் கைப்பிடியாற் சுழற்ற வேண்டியிருந்தது. மாக்சிமோ, சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் விசையையே வேலை வாங்கினார். அவ்விசை வெற்றுக் கோதை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 தோட்டாக்கள் பாய்ந்தன. சூடேறும் குழாயைத் தணிப்பதற்கு அதனைச் சுற்றி நீர்க்கூடு அமைக்கப்பட்டது. முதலாம் உலகப்போரில் ஒரு தலைமுறை இளைஞரை அழித்த இக்கருவி வகை, இன்று பல நாட்டு நூதனசாலைகளிலே கண்ணாடிக்குள் அமைதியாக இருக்கிறது. தனியார் வைத்திருப்பதாயின், பிரித்தானியா போன்ற நாடுகளில் அது சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

நமது நாட்டிலும் புகழ்பெற்ற பீரங்கி ஒன்று உண்டு. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த லெவ்கே பீரங்கி எனப்படும் அது, 1765 ஆம் ஆண்டிலே கண்டியைத் தாக்கிய ஒல்லாந்தரால் எடுத்துச் செல்லப்பட்டது. நெடுங்காலம் அம்ஸ்ரடாம் நகர நூதனசாலையில் இருந்து, 2023 டிசம்பரிலே வேறு ஐந்து பொருள்களுடன் கொழும்புக்குத் திரும்பியது. அது எவர் கையினின்று எவ்வாறு போயிற்று என்பதை ஆராய்ந்தமையாலேயே திரும்பி வந்தது. ஒரு கருவியின் பெறுமதி அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. அதன் வரலாற்றிலும் இருக்கிறது.

வன்னி மண்ணுக்கு வருவோம். 1803 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பண்டாரவன்னியன் அங்கிருந்த பீரங்கிகளைக் கைப்பற்றினான் என்பது இவ்விடத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்த செய்தி. அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி கற்சிலைமடுவிலே வொன் டிறிபேர்க் என்னும் தளபதியிடம் அவன் தோல்வியுற்றான். அதனைக் குறித்து அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவனின் பெருமைக்காக எழுந்த கல், தோற்றவனின் பெயரைக் காத்துத் தந்தது. எழுத்துப் பொறித்து, நிகழ்ந்த இடத்திலேயே வைத்ததனால் விளைந்த பயன் இது. கைப்பற்றிய பீரங்கியிலும் பார்க்க அக்கல்லே நமக்கு அதிகம் கூறுகிறது.

அண்மைக் காலத்துப் போரின் சின்னங்களும் நம்மைச் சூழ உள்ளன. 1991 ஆம் ஆண்டுச் சமரிற் சிதைந்த கவச வாகனம் ஒன்று ஆனையிறவிலே வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 2009 இற்குப் பின்னர் புதுக்குடியிருப்பிலே படகுகளும் பீரங்கிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றின் முன்னே நின்ற ஒருவர் வெற்றியைக் கண்டிருப்பார். மற்றொருவர் தம் வீட்டில் வெறுமையான ஓர் இருக்கையை நினைத்திருப்பார். சேர்த்து வைப்போர் இருவரையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

சட்டம் கூறுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 ஆந் திகதிக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். பண்டாரவன்னியன் காலத்துக் குண்டொன்று உழவிலே வெளிப்பட்டால், அதை விற்கவோ உருக்கவோ ஒருவருக்கும் உரிமை இல்லை. பிற்காலத்துத் துவக்குகளுக்கோ 1916 ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. அனுமதிப்பத்திரமின்றி ஒன்றை வைத்திருத்தல் குற்றமாகும்; பழையது, துருப்பிடித்தது என்னும் காரணங்கள் எடுபடா.

சட்டத்திலும் பெரியது உயிர். பழைய இரும்பு பொறுக்கி வயிறு கழுவச் சென்று, கையையும் காலையும் இழந்தோர் நம் ஊர்களில் இருக்கின்றனர். துருப்பிடித்தால் வெடிமருந்து செத்துவிடும் என்பது தவறான எண்ணம். மேலுறை இற்றுப்போகும்போது உள்ளிருக்கும் பொறி தளர்ந்து, சிறு அசைவுக்கும் வெடிக்கும் நிலையை அடையக்கூடும். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் 1914 இல் தொடங்கிய போரின் குண்டுகள், நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் உழவர் கலப்பைக்கு அகப்படுகின்றன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. எனினும் முகமாலை போன்ற இடங்களில் ஓர் அடி நிலத்தை மீட்பதற்கும் எத்தனை நாள் முழந்தாளிட்டுக் கிளற வேண்டும் என்பதை, அப்பணி செய்யும் நம் பெண்களைக் கேட்டாற் கூறுவார்கள்.

மாணவனிடம் நான் கேட்டது ஒன்றே: "இதை எங்கே எடுத்தாய்?" வாய்க்கால் ஓரத்தில் என்றான், "அங்கே இன்னும் பெரிசா ஒண்டு கிடக்கு" என்றும் சொன்னான். அன்று மாலைக்குள் பொலிசாருக்கு அறிவித்தோம். மறுநாள் வந்தவர்கள், வெடிக்காத எறிகணை ஒன்றை அங்கிருந்து அகற்றினர். அடுத்த விடுமுறையில் அதனை எடுத்துவரத் தம்பியுடன் போக எண்ணியிருந்ததாக அவன் பின்னர் கூறினான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு மூன்று சொற்களைப் பழக்குவோமாக: தொடாதே, நகர்த்தாதே, சொல். இடத்தைத் தொலைவிலிருந்தே மனத்திற் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ அறிவித்தால் அதுவே போதும்.

நூதனசாலை வேண்டாமோ என்று கேட்பீர்கள். வேண்டும். எங்கள் பாடசாலையில் அதற்கென ஓர் அலுமாரி இருக்கிறது. இடம்பெயர்ந்தபோது சுமந்து சென்ற தகரப் பெட்டி, திரி எரிந்த போத்தல் விளக்கு, மரநிழல் வகுப்பின் இடாப்பு ஆகியன அங்கே உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் அதைத் தந்தவர் கூறிய வரலாறு மாணவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்தப் பித்தளைக் கோது அங்கு இல்லை. அதனைப் பார்த்து அம்மாணவன் வரைந்த படம் இருக்கிறது. கீழே இடமும் திகதியும் எழுதி, "இதற்கு அப்பால் ஒன்று கிடந்தது, நாங்கள் தொடவில்லை" என்று அவன் குறித்திருக்கிறான்.